குதிரை வாயில் வைக்கிற கல்

பாலாற்றங்கரைப் பக்கம் வளர்ந்த எல்லாருக்கும் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் குவார்ட்ஸ் கல் தெரியும். இருட்டில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று உரசினால் உள்ளே மினுக்கென்று வெளிச்சம் ஓடும், தீய்ந்த வாடை அடிக்கும். அதை வைத்தே சிலர், "பழைய துப்பாக்கிக்கு இதுவே போதுமே, எதற்குச் சீமையிலிருந்து கல் வரவழைக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். போதாது. படிகம் நசுங்கும்போது தோன்றும் அந்த மினுக்கத்தில் சூடு கிடையாது. பஞ்சுகூடப் பற்றாது.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் பறக்கிற பொறி கல்லிலிருந்து வருவதே இல்லை. அது எஃகு. கல் அங்கே இழைப்புளி வேலை பார்க்கிறது. கெட்டியான எஃகுத் தட்டின் முகத்தை மேலிருந்து கீழாகச் சீவுகிறது. சீவப்பட்ட துணுக்கு மிக நுண்ணியது என்பதால் உராய்ந்த சூட்டிலேயே காற்றோடு சேர்ந்து எரிகிறது, எரிந்துகொண்டே, வெடிமருந்து வைத்திருக்கிற கிண்ணிக்குள் விழுகிறது. பட்டறையில் கிரைண்டரில் கத்தி தீட்டும்போது பறப்பதும் இதே சாதிப் பொறிதான். ஆகவே கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'இது பொறி விடுமா' என்பதல்ல. 'இதன் விளிம்பு எஃகைச் சீவுமா, எத்தனை அடிக்குச் சீவும்' என்பதுதான்.

கல்லை அடித்துப் பொறி எழுப்புகிற விசைப் பொறியைத்தான் துப்பாக்கியின் பூட்டு என்கிறோம். இந்தப் பதிவு அருங்காட்சியகப் பூட்டு, வீட்டில் பரம்பரையாக வந்த பூட்டு, உரிமத்தோடு வைத்திருக்கிற துப்பாக்கி ஆகியவற்றைக் கையாளுகிறவர்களுக்கு. சுடும் நிலையில் இருக்கிற துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வரும், உரிமம் வேண்டும். கீழே சொல்கிற சோதனை எல்லாமே மருந்தில்லாத வெற்று விசைக்கு. குழாய்க்குள் பழைய மருந்து கெட்டித்துக் கிடக்கலாம். முதல் வேலையாக ஒரு கழியைக் குழாய்க்குள் விட்டு ஆழம் அளந்து, வெளியே அதே நீளத்தைத் தீத்துளைவரை (கிண்ணியிலிருந்து குழாய்க்குள் தீ போகிற துளை) ஒப்பிட்டுப் பாருங்கள். கழி துளைக்கு முன்னாலேயே தட்டி நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைத் தெரிந்தவர் கையில் எடுக்கும்வரை கல்லைப் பற்றிப் பேச வேண்டாம்.

பெயர்களை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கல்லைக் கவ்விக்கொண்டு பாய்கிறது குதிரை. அதற்கு மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டையும் இறுக்கத் தாடைத் திருகு. எதிரே நிமிர்ந்து நிற்கிற எஃகு ஃப்ரிசன். இங்கே 'தட்டு' என்றே சொல்கிறேன். கிண்ணிக்கு மூடியும் அதுவே. சக்கிமுக்கி என்ற சொல் துருக்கி மொழியின் 'சக்மக்' உருது வழியாக வந்து சேர்ந்தது. பேரணாம்பட்டுக்கு மேலே ஏறி ஆந்திரத்தின் பலமனேர் பக்கம் கேட்டால் தெலுங்கில் செகுமுகி ராயி என்பார்கள்.

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஆம்பூர்ப் போரில் விழுந்தபோது எதிரே நின்ற பிரெஞ்சுக் காலாட்படையின் கையில் இந்தப் பூட்டுதான் இருந்தது. இன்று எல்லைப்புற மலையடிவாரங்களில் உரிமத்தோடு இருக்கிற நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் கேப்பு வகை (அடித்தால் தீப்பிடிக்கிற சின்ன உலோகத் தொப்பி வைப்பது), அதற்குக் கல் வேண்டாம். அதனால்தான் கல் பற்றிய கைப்பழக்கம் இங்கே அறுந்துபோயிற்று.

இனி, நம் பக்கத்துக் கற்கள் ஏன் தேறுவதில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெங்கச்சங்கல் கெட்டியானதுதான். கண்ணாடியைக் கீறும், எஃகையும் கொஞ்சம் கீறும். ஆனால் உடைத்தால் நேரான, நீளமான விளிம்பு கிடைக்காது, கண்டபடி நொறுங்கும். கிடைத்த விளிம்பும் நாலு அடிக்குள் மழுங்கிப்போகும்.

அதிரம்பாக்கத்துக் கல்லைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பூண்டி ஏரிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டின இடம். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார், அவற்றுள் மிகப் பழையவற்றின் வயது இன்று சுமார் 15 லட்சம் ஆண்டு என்று கணிக்கப்பட்டிருக்கிறது. 'அவ்வளவு பேர்போன கல் துப்பாக்கிக்கு ஆகாதா?' ஆகாது. அது குவார்ட்சைட், மணல் இறுகிப் பாறையானது. உள்ளங்கை நிறையும் கைக்கோடரிக்கு அது அருமையான கல், ஏனென்றால் அங்கே எடையும் வலுவும் வேலை செய்கின்றன. பூட்டிலோ விளிம்பு ஒரு தாள் கனத்தில் வேலை செய்கிறது. அந்த அளவில் குவார்ட்சைட் வெறும் மணல்மணிகள்தான். இரண்டு மூன்று அடியில் மணி உதிர்ந்து கிண்ணிக்குள் கொட்டும். அதோடு, அங்கே கீழே கிடக்கிற ஒவ்வொரு சில்லும் தொல்பொருளாக இருக்கலாம். தொடாதீர்கள்.

அடுத்தது கடப்பாக் கல். கறுப்பாக, வழவழவென்று, படத்தில் பார்க்கிற இங்கிலாந்துக் கல் மாதிரியே இருக்கும். ஆனால் சமையலறை மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அங்கே வெளுத்துப்போகிறதே, அதுவே அடையாளம்: அது சுண்ணாம்புக்கல். பேனாக்கத்தியாலேயே கீறலாம். அதைக் குதிரையில் வைத்தால் தட்டுதான் கல்லைச் சீவும்.

உண்மையில் ஆகிற கல் கடப்பை மாவட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அது வேறு. வேம்பள்ளி ஊர்ப் பெயரால் அழைக்கப்படுகிற டோலமைட் பாறையில் செர்ட் என்ற கல் பட்டைப் பட்டையாக ஓடும். சாம்பல், கறுப்பு, சில இடத்தில் செங்கல் நிறம். செர்ட்டும் இங்கிலாந்து ஃப்ளிண்ட்டும் ஒரே பொருள்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய குவார்ட்ஸ் மணிகள் பின்னிக் கிடப்பது. மணி அவ்வளவு நுண்மையாக இருப்பதால்தான் கண்ணாடி போல, சிப்பி வளைவில் உடைந்து கூரான விளிம்பு விடுகிறது. வித்தியாசம் வயதில். இங்கிலாந்துக் கல் 10 கோடி ஆண்டுக்கும் குறைந்தது, மென்மையான சீமைச் சுண்ணாம்புக்குள் பத்திரமாக இருந்து வந்தது. வேம்பள்ளிப் பாறை 180 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது. அத்தனை காலம் மடிந்து நெரிந்ததில் உள்ளே மயிரிழை விரிசல்கள் ஓடும். பட்டை பல இடத்தில் விரற்கனம்தான் தேறும், நடுவே டோலமைட் புள்ளி வேறு. பத்துத் துண்டில் ஒன்று தேறினால் பெரிது. தேறின ஒன்று நன்றாகவே வேலை செய்யும்.

அதை எங்கே எடுப்பது? குவாரிக்காரரின் அனுமதியோடு கழிவுக் குவியலில் பாருங்கள். பெண்ணாற்றுச் சரளையிலும் ஜாஸ்பர், செர்ட் கூழாங்கற்கள் கிடைக்கும், ஆனால் உருண்டு உருண்டு அடிபட்ட கல்லில் உள்விரிசல் அதிகம். சேஷாசலம் காட்டுக்குள் மட்டும் போக வேண்டாம். செம்மரத்துக்குக் காவல் போட்ட காடு அது. தோளில் கனமான சாக்கோடு தமிழ் பேசிக்கொண்டு வருகிறவரைக் கல் ரசிகர் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

குஜராத்தின் ரத்தன்பூர் பக்கத்து அகேட் (அதுவும் நுண்ணிய குவார்ட்ஸ் வகைக் கல்தான்), காம்பத் வியாபாரிகள் வழியாகக் கிடைக்கிறது. நாட்டுக்குள்ளேயே எளிதாக வாங்கக்கூடியது இதுதான். அகேட் மிக உறுதி, அதனால் கையால் உடைத்து வடிவம் கொண்டுவருவது கடினம். பெரும்பாலும் வைரச் சக்கரத்தில் அறுத்துப் பட்டை தீட்டித் தருவார்கள். அறுத்த விளிம்பு நெடுநாள் வரும், ஆனால் உடைத்த விளிம்பின் கடி அதற்கு வராது. மழுங்கினால் திரும்பவும் சக்கரத்துக்குத்தான் போக வேண்டும், பூட்டிலேயே வைத்துத் தட்டிக் கூராக்க முடியாது. தட்டையும் சீக்கிரம் தேய்க்கிறது என்பது என் கணக்கு. காட்சிக்கு வைக்கிற பூட்டுக்கு அகேட் அழகு. அடிக்கடி இயக்குகிற பழைய பூட்டுக்கு வேண்டாம்.

வெளிநாட்டுக் கல்லில் இரண்டு பெயர் போதும். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிராண்டன் ஊர்க் கல், கறுப்பு. பிரான்சிலிருந்து வருகிறது தேன் நிறம். பிரெஞ்சுக்காரர்கள் கல் தட்டும் முறையை நெடுநாள் மறைத்தே வைத்திருந்தார்கள். 1797ல் தோலொமியே என்ற கனிம அறிஞர் அந்த வேலையைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார். டோலமைட் பாறைக்கு அந்தப் பெயர் வந்ததும் இவர் பெயரிலிருந்துதான். வேம்பள்ளியில் செர்ட்டைச் சூழ்ந்திருக்கிற அதே டோலமைட். கறுப்பா தேன் நிறமா என்று இணையத்தில் சண்டை ஓயாது. என்னைக் கேட்டால் நிறம் எதையும் சொல்லாது. கறுப்புப் பையில் மோசமான கல்லும் தேன் நிறத்தில் நல்ல கல்லும் வரும், மறுபுறமும் அப்படியே.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது இவைதான். விளிம்பு முழு அகலத்துக்கும் நேராக ஓட வேண்டும். நடுவில் குழிவோ ஒரு முனையில் சரிவோ இருந்தால் தட்டில் ஒரு பக்கம் மட்டுமே படும். அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். வில் போல வளைந்த கல்லைத் தாடை எவ்வளவு இறுக்கினாலும் அது ஆடிக்கொண்டே இருக்கும். மேலே முதுகு போல ஒரு மேடு அல்லது இரண்டு மேடு வரும். அந்த முதுகு மிக உயரமாக இருந்தால் மேல்தாடை சாய்ந்து பிடிக்கும், திருகு வளையும். வெள்ளைப் புள்ளி, சுண்ணாம்புத் தோல் விளிம்பருகே இருக்கக்கூடாது, பின்பக்கம் இருந்தால் பாதகமில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய விளிம்பில் ஒளி ஊடுருவ வேண்டும், குறுக்கே கோடு தெரிந்தால் அது விரிசல். இரண்டு கல்லை லேசாகத் தட்டினால் பீங்கான் போலக் கணீரென்று கேட்க வேண்டும். மண்சட்டி உடைந்த சத்தம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

சூடேற்றின கல் என்று விற்றால் வாங்க வேண்டாம். செர்ட்டை மெதுவாகச் சுமார் 250 முதல் 350 டிகிரிவரை சூடாக்கினால் உடைப்பது எளிதாகும், பளபளப்பும் வரும். அம்புமுனை செய்கிறவர்களுக்கு அது வரம். பூட்டில் அது சாபம், விளிம்பு மொறுமொறுவென்று உதிரும்.

அளவில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். முதலில் தட்டு முகத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கல் அதே அகலம் அல்லது ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கலாம். அகலம் கூடினால் குழாயின் பக்கவாட்டில் உரசி அங்கே கோடு விழும், கல் மூலையும் உடையும். சிறு கைத்துப்பாக்கிக்குப் பொதுவாக 10 முதல் 13 மில்லிமீட்டர், வேட்டைத் துப்பாக்கிக்கு 16 முதல் 19, கம்பெனிப் பட்டாளத்தின் மஸ்கெட் என்ற நீளத் துப்பாக்கிக்கு 25 முதல் 28. நீளத்தைப் பாதி ஏற்றத்தில், அதாவது குதிரையைப் பாதிவரை பின்னே இழுத்து நிறுத்தின நிலையில், பார்க்க வேண்டும்: குதிரை பாதி ஏற்றத்தில் நிற்க, தட்டு மூடியிருக்க, விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி. தொட்டுக்கொண்டிருந்தால் கல் நீளம். அதிக இடைவெளி விட்டால் அடி தாமதமாக, தாழ்வாக விழும், சீவுகிற தூரம் குறையும்.

கல்லை வெறும் இரும்புத் தாடையில் வைக்கக்கூடாது, வெடித்துவிடும். நடுவே தோல் வேண்டும். இந்த ஒரு பொருளுக்கு மட்டும் நாம் எங்கும் தேட வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று ஊரெல்லாம் தோல்தான். ஆனால் எந்தத் தோலென்று பாருங்கள். ஷூ மேற்பகுதிக்குப் போகிற குரோம் தோல் மெத்தென்று இழுபடும், கல் வழுக்கும். நமக்கு வேண்டியது மரப்பட்டையில் பதப்படுத்தின தோல், கடைக்காரரிடம் 'வெஜிடபிள் டேன்' என்றே கேட்கலாம். அந்தக் காலத்து ஆவாரம்பட்டைத் தோல் இதே வகைதான். கனம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். வெட்டின ஓரம் முழுக்கப் பழுப்பாக இருந்தால் அது பட்டைத் தோல், நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் குரோம்.

தாடையின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் மடித்து, மடிப்பு பின்பக்கம் தாடைத் திருகின்மேல் படுகிற இடத்தில் சின்னதாக அரைவட்டம் எடுத்துவிடுங்கள். கல்லின் பின்புறம் திருகை நேராகத் தொட்டு நிற்க இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் கல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். தோல் கல்லின் முன்விளிம்பைத் தாண்டி நீட்டக்கூடாது. புதுத் தோல் அமுங்கும், அதனால் முதல் நாலைந்து அடிக்குப் பின் திருகை மறுபடி இறுக்குங்கள். பட்டாள மஸ்கெட்டில் ஈயத்தகடும் பயன்பட்டது. அது கல்லை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கனம். சிறு பூட்டில் குதிரையின் பாய்ச்சலைக் குறைக்கும், அங்கே தோலே போதும்.

கல் பொருத்துவது: திருகைக் கையால் மட்டும் இறுக்கி, குதிரையை மெதுவாகக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே தட்டுவரை கொண்டுவாருங்கள். விளிம்பு முழு அகலமும் ஒரே நேரத்தில் தொடுகிறதா? ஒரு மூலை முன்னே வந்தால் கல்லைத் திருப்பிச் சமன் செய்து, பிறகு திருப்புளியால் இறுக்குங்கள். முதல் தொடுகை தட்டின் உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இருக்க வேண்டும். மீதி இரண்டு பங்கையும் கல் சீவிக்கொண்டு இறங்கும். குதிரை முழுக்க விழுந்த பிறகு விளிம்பு கிண்ணியின் நடுவை நோக்கி நிற்க வேண்டும், கிண்ணியைத் தொடக்கூடாது.

தொடுகை மேலேயோ கீழேயோ போனால் உடனே குதிரையை வளைக்கப் போகாதீர்கள். கல்லைக் கவிழ்த்துப் பாருங்கள். சரிவுமுகம் மேலே இருந்தால் விளிம்பு தாழ்வாக இருக்கும். சரிவு கீழே வரும்படி கவிழ்த்தால் விளிம்பு கல்லின் கனத்துக்கு ஏற்ப உயரும், தொடுகையும் மேலே போகும். வழக்கம் சரிவு மேலே என்பதுதான், ஆனால் பூட்டு எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள்.

கோளாறுகளில் அதிகம் வருவது, நல்ல கல் வைத்தும் பொறியே இல்லை என்பது. முதலில் எண்ணெய்: தட்டு முகத்திலும் விளிம்பிலும் ஒரு விரல் தடம் எண்ணெய் இருந்தாலே பொறி செத்துவிடும். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் தட்டின் ஓரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், அரத்தை லேசாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தட்டு கெட்டி. அரம் கடித்தால் தட்டு இளகிப்போயிருக்கிறது. மேலோடு மட்டும் கடினமாக்கப்பட்ட பழைய தட்டுகளில் அந்தத் தோல் தேய்ந்து போனால் உள்ளே மெத்திரும்புதான், எந்தக் கல்லாலும் ஆகாது. புதுப்பூட்டானால் மறுபடி கடினமாக்கலாம். பரம்பரைச் சொத்தானால் நெருப்பில் காட்டாதீர்கள், மதிப்பு போய்விடும்.

கல் சீக்கிரம் சீக்கிரமாக உடைந்தால் கல்லைத் திட்டுவதற்கு முன் தட்டின் கீழிருக்கிற வில்லைப் பாருங்கள். அது விறைப்பாக இருந்தால் தட்டு திறக்க மறுக்கும், விளிம்பு நசுங்கும். தளர்ந்திருந்தால் தட்டு திறந்த வேகத்தில் எகிறித் திரும்பி வந்து கல்லையே அடிக்கும். தட்டு முகத்தில் துணி துவைக்கிற பலகை போல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால், கல் சீவாமல் துள்ளித் துள்ளிப் போகிறது என்று பொருள். தாடை தளர்ந்திருக்கலாம், அல்லது கல் தட்டை மிக நேராகக் குத்துகிறது. கல்லே இல்லாமல் விசையை இழுப்பது இன்னொரு கெட்ட பழக்கம். தடுக்க எதுவும் இல்லாமல் குதிரை முழு வேகத்தில் பூட்டுப் பலகையில் மோதி, பழைய குதிரையானால் கழுத்தில் ஒடியும்.

மழுங்கின விளிம்பைக் கழற்றாமலே கூராக்கலாம். குதிரையைப் பாதி ஏற்றத்தில் வைத்து, தட்டைத் திறந்து, ஒரு செம்பு ஆணியின் முனையை விளிம்பில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தித் தள்ளுங்கள், அடிக்க வேண்டாம். மீன் செதில் அளவுக்குச் சில்லு சில்லாகப் போகும். இடதிலிருந்து வலமாக வரிசையாகப் போனால் விளிம்பு நேராகவே இருக்கும். சவரக் கத்தி போல மெல்லிசாக்கிவிடாதீர்கள், மெல்லிய விளிம்பு முதல் அடியிலேயே உடையும். ஒரு கல் எத்தனை அடி வரும் என்பது பூட்டைப் பொறுத்தது. பட்டாளக் கணக்கில் 20 சுற்றுக்கு ஒரு கல் என்பது வழக்கமான அளவு. நன்றாக அமைந்த பூட்டில், இடையிடையே கூராக்கினால், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு எதிர்பார்க்கலாம்.

கல் தட்டும்போது கண்ணாடி போடுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள், தூசியை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதாதீர்கள். இந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ். பிராண்டன் கல்தச்சர்களையும் காம்பத் அகேட் தொழிலாளர்களையும் தின்றது அதுதான்.

லைட்டர் கல்லை ஒட்டவைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது கல்லே அல்ல, ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை, 1903ல் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கியது. அங்கே சீவப்படுவது தட்டு அல்ல, அந்தக் கலவைதான். மழைபோலப் பொறி கொட்டும், கிண்ணியின் மூலையில் கனன்றுகொண்டே கிடக்கும் துணுக்கும் தங்கும். அடுத்த முறை கிண்ணியில் மருந்து வைக்கிற கைக்கு அது எமன். வேண்டவே வேண்டாம்.

இருபுறமும் தேய்ந்து, நீளம் 15 மில்லிமீட்டருக்குக் கீழே போன மஸ்கெட் கல்லைத் தூக்கி எறியாதீர்கள். அகலத்தையும் தட்டிக் குறைத்தால் அதைவிடச் சின்னப் பூட்டுக்கு ஆகும். அதுவும் முடிந்தால், பழைய அரத்துண்டு ஒன்றும் கருக்கின பருத்தித் துணியும் சேர்த்து ஒரு தகர டப்பாவில் போட்டு வையுங்கள், அடுப்பு மூட்ட உதவும்.